ஏழு மணிச் சத்தம்

"என் பங்கு எவ்வளவுன்னு சொல்லுங்க."

கேட்டுவிட்டேன். இந்தத் தெருவில் குடியிருக்கிற யாரும் கேட்கவே கூடாது என்று புரோக்கர் முதல் வாட்ச்மேன் வரை எல்லாரும் எச்சரித்த கேள்வி.

சம்யுக்தாவின் விரல் டேப்லெட்டின் மேல் அப்படியே நின்றது. எங்கள் தெருவிலேயே இருக்கும் வாடகை அலுவலகத்தில் எல்லாரும் அவளை மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள். என்னைவிட ஒரு வயது சின்னவளாகக்கூட இருக்கலாம். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் பக்கத்தை என் பக்கம் திருப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைச் சிரித்த முகத்தோடு காட்டிக்கொண்டிருந்தாள். விரல் நின்ற பிறகும் சிரிப்பு மட்டும் நிற்கவில்லை.

"எந்தப் பங்கு மேடம்?" என்று அவள் என்னைக் கேட்டாள்.

"தெரு நிம்மதியில என் வீட்டுப் பங்கு. நான் ஏத்துறேனா, இறக்குறேனா?"

"அதெல்லாம் நாங்க வெளிய சொல்றதில்லை. காபி சொல்லட்டுமா?"

"காபி வேண்டாம். பதில் வேணும்."

நான் இப்படித்தான் பேசுவேன். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். மிதித்த நாளிலிருந்து "கொஞ்சம் மெதுவாப் பேசும்மா" என்று சொல்லாத ஆள் இல்லை. அரிசி மில்லில் வேலை பார்த்த அம்மாவுக்குப் பிறந்தவள் மெதுவாக எப்படிப் பேசுவாள்? மில் ஓடும்போது மெதுவாகப் பேசினால் சாப்பாடுகூடக் கிடைக்காது.

"நீங்க கையெழுத்துப் போட்டுட்டா அடுத்த வருஷமும் இதே வீடுதான். உங்களுக்கு அந்த பால்கனி பிடிக்கும்னு எனக்குத் தெரியும்" என்றாள் சம்யுக்தா.

பிடிக்கும். பொய் சொல்ல மாட்டேன். ரொம்பவே பிடிக்கும்.

அடையாறு இந்திரா நகரில் அந்த வீட்டைப் பிடித்துக் கொடுத்தவர் புரோக்கர் ஜெயவேலு அண்ணன். அதற்கு முன்னால் பார்த்த வீடுகளில் எல்லாம் ஒரே கேள்விதான், சுற்றிச் சுற்றி வரும். சொந்த ஊர் எது, அப்பா பேர் என்ன, குலதெய்வம் எங்கே, வீட்டில் என்ன சமைப்பீர்கள். ஓர் அம்மாள், "நீங்க எந்த மாதிரி ஃபேமிலி?" என்று கேட்டார். "கருவாடு சாப்பிடற மாதிரி ஃபேமிலி. இன்னும் என்ன தெரியணும்?" என்று கேட்டுவிட்டு வந்தேன். ஜெயவேலு அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார்.

"உன்னை வெச்சு எனக்கு ஒரு வீடும் முடியாது போலிருக்கு. நீ பல்லித் தெருவுக்கு வந்துடு. அங்க ஓனர் எதுவும் கேட்க மாட்டான்."

"அது என்ன பல்லித் தெரு?"

"ரூமுக்கு ரூம் சுவத்துல பல்லி மாதிரி ஒரு சென்சார் ஒட்டியிருக்கும், தீப்பெட்டி சைஸ்ல. வயசானவங்க பாத்ரூம்ல வழுக்கி விழுந்தா ஆம்புலன்ஸுக்குச் சொல்லணும்னு வெச்சது. ஆளு தொடாமலே மூச்சு, நெஞ்சுத் துடிப்பு எல்லாம் எடுத்துடும். அப்புறம் எவனோ ஒரு புத்திசாலி யோசிச்சிருக்கான். மூச்சை எடுக்கத் தெரிஞ்சா, இவன் நிம்மதியா இருக்கானா, கடுப்புல இருக்கானான்னும் எடுத்துடலாமேன்னு. அவ்வளவுதான். சதுர அடிக்கு வாடகைங்கிறது போயிடுச்சு. தெருவோட நிம்மதி ஏறினா வாடகை ஏறும். இறங்கினா இறங்கும்."

"நிம்மதிக்கு வாடகையா?"

"ஏன், கடல் காத்துக்குக் கொடுக்கலையா? மெட்ரோ பக்கத்துல இருக்குன்னு கொடுக்கலையா? பார்க் தெரியற ஜன்னலுக்குக் கொடுக்கலையா?"

"அப்ப நிம்மதியைக் கெடுக்கிறவங்களுக்கு?"

ஜெயவேலு அண்ணன் குரலைத் தாழ்த்தினார். அந்தப் பேச்சுக்கு எல்லாரும் குரலைத் தாழ்த்துவார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. "அவங்க வாடகையில அபராதம் சேர்ந்துடும்னு பேச்சு. பில்லுல மொத்தம் மட்டும்தான் வரும், பிரிச்சுத் தெரியாது. பக்கத்து வீட்டுல நம்ம வாடகையைச் சொல்லக் கூடாதுன்னு ஒப்பந்தத்துலயே போட்டிருக்கான். தண்ணி வரலன்னா கேளு. லிஃப்ட் ஓடலன்னா சண்டை போடு. உன் பங்கு எவ்வளவுன்னு மட்டும் கேட்டுடாதே. கேட்டவங்களுக்கு ஒப்பந்தம் புதுப்பிச்சதா சரித்திரமே இல்லை."

சம்பளத்தில் பாதி வாடகைக்கே போனது. போகட்டும் என்று விட்டேன். நான் வேலை பார்க்கும் காது பரிசோதனை மையத்துக்கு நடந்தே போய்விடலாம். மூன்றாவது மாடியில் பால்கனி, சாயங்காலமானால் கடல் பக்கமிருந்து காற்று. எல்லாவற்றையும்விட, யாரும் என்னிடம் அப்பா பேரைக் கேட்கவில்லை. சுவரில் இருந்த பல்லிக்கு என் குலதெய்வம் பற்றி அக்கறை இல்லை. அது மூச்சை மட்டும் எண்ணியது. வந்த முதல் வாரம் அதைப் பார்த்து, "நீ எவ்வளவோ தேவலாம்டா" என்று சொன்னேன்.

ஏழு மணிக்கு அம்மாவுக்குப் போன் செய்வேன்.

அம்மா இருப்பது செங்குன்றத்தில். பேர் கன்னியம்மாள். மில்லில் புடைக்கவும் மூட்டை தைக்கவும் போய்ப் போய்க் காது மந்தமாகிவிட்டது. ஊரிலுள்ளவர்களுக்கெல்லாம் காது மிஷின் பொருத்துகிற நான், சொந்த அம்மாவுக்குப் பொருத்த முடியவில்லை. நல்ல மிஷினாகப் பார்த்து வாங்கிக்கொண்டு போனேன். ஒரு நாள் மாட்டிப் பார்த்துவிட்டுக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டாள். "இவ்ளோ நாளு மில்லு சத்தத்த கேட்டாச்சு. இனிமே இன்னாத்துக்குடி? எனுக்கு எது தேவையோ அது கேக்குது."

அவளுக்குத் தேவையானது கேட்க வேண்டுமென்றால் நான் கத்த வேண்டும். அவளும் தன் குரல் தனக்கே கேட்காததால் கத்துவாள். வீட்டுக்குள் சிக்னல் சரியில்லாததால் நான் பால்கனியில் நிற்பேன். போனை ஸ்பீக்கரில் போட்டால் இரண்டு பக்கமும் தெருவுக்கே கேட்கும்.

"சாப்ட்டியாடி?"

"இப்பதான்மா ஏழு!"

"இன்னா கொழம்பு?"

"இன்னும் வெக்கலைம்மா!"

"வெக்கலையா? அந்த வசந்தா மருமவளும் இதத்தான்டி சொன்னா. மாமியாகாரி சும்மா வுட்டாளா? மிக்ஸிய தூக்கி பீரோல வெச்சு பூட்டிட்டா!"

அம்மாவின் எதிர்வீட்டு வசந்தாவும் அவள் மருமகளும் போடும் சண்டை எங்கள் பேச்சில் தினமும் வரும். பூட்டிய மிக்ஸி. மாமியாருக்குத் தெரியாமல் தவணையில் வாங்கிய இன்னொரு மிக்ஸி. இரண்டு மிக்ஸியும் ஒரே நேரத்தில் ஓடி, ஃப்யூஸ் போய், மொத்தத் தெருவும் இருட்டில் நின்றது. மருமகள் கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போனது. அம்மா அதைச் சொல்லி முடிப்பதற்குள் நான் சிரித்துச் சிரித்துக் கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

வாடகை ஏறியது.

முதல் முறை பேசாமல் கட்டினேன். இரண்டாவது முறை ஏறியபோது சுவரைப் பார்த்தேன். பல்லி ஒன்றும் தெரியாததுபோல் ஒட்டிக்கொண்டிருந்தது. இந்தத் தெருவில் யார் வீட்டிலும் சத்தமே கேட்காது. கதவைக்கூட யாரும் அடித்துச் சாத்த மாட்டார்கள். அவர்களுக்கு நடுவில் தினமும் அரை மணி நேரம் தொண்டை கிழியக் கத்துகிறவள் நான் ஒருத்திதான். அபராதம் எனக்கில்லாமல் வேறு யாருக்கு? எனக்கு எது ஏறினாலும் அது தண்டனையாகத்தான் ஏறும் என்றே பழகிவிட்டது. ஹாஸ்டலில் அப்படி, முதல் வேலையில் அப்படி, இங்கே மட்டும் மாறிவிடுமா?

பக்கத்து வீட்டு ஷகிலாக்கா அந்தச் சமயத்தில்தான் காலி செய்தார். ஆஸ்பத்திரியில் நர்ஸ். கைக்குழந்தை வைத்திருந்தார். குழந்தை அழ ஆரம்பித்தால் பாத்ரூமுக்குத் தூக்கிக்கொண்டு போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் வைத்துச் சமாதானம் செய்வார். கிளம்புகிற அன்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எம் புள்ள அழுறதுக்குத்தான் ஏத்துறாங்க பொற்கொடி. பச்சப்புள்ள வாய எப்படி மூடுறது? கட்டுப்படியாகல. கொளத்தூர்ல பாத்துட்டோம்."

நானும் அதை நம்பினேன். அன்றிலிருந்து பால்கனிக்குப் போவதை நிறுத்தினேன்.

வேலை செய்யும் இடத்தில் சத்தம் புகாத கண்ணாடி அறை ஒன்று உண்டு. காது பரிசோதனைக்கு வருகிறவர்களை அதற்குள்தான் உட்கார வைப்போம். சாயங்காலம் கிளம்புவதற்கு முன் அதற்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அம்மாவைக் கூப்பிட ஆரம்பித்தேன். எவ்வளவு கத்தினாலும் வெளியே ஈகூடத் திரும்பிப் பார்க்காது. ஆனால் மையத்தை மூடும் நேரம், அம்மா மில்லிலிருந்து வந்து முகம் கழுவும் நேரம். பேச்சு இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும்.

"இன்னாடி, கெணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்குது?"

"ஆபீஸ்லருந்து பேசறேம்மா!"

"வூட்டுக்குப் போயி பேசறதுதான?"

"வீட்டுல... வேலை இருக்கும்மா!"

இப்படியே ஒரு மாதம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை செங்குன்றம் போயிருந்தேன். மூட்டு வலி தாங்காமல் அம்மா மில் வேலையை விட்டிருந்தாள். "எங்கூட வந்துடும்மா, பால்கனியில காத்து வரும்" என்றேன். கருவாட்டுத் தலையைக் கிள்ளிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், முதல்முறையாக மெதுவாகப் பேசினாள்.

"வூட்டாண்ட நின்னு எங்கூட பேசறதுக்கே உனுக்கு வெக்கமா இருக்குது. நான் அங்க வந்து இன்னாடி பண்ணப் போறேன்?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அம்மா மேல் இல்லை. நிம்மதிக்கு விலை வைத்தவன் யாரென்று தெரிந்தால் அவன் வீட்டு வாசலில் போய் நின்று கத்தியிருப்பேன்.

அடுத்த நாள் சாயங்காலம் என் வீட்டு மணி அடித்தது. எதிர்வீட்டு ராமபத்ரன் சார். பாங்க்கில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து தனியாக இருக்கிறார். லிஃப்ட்டில் பார்த்தால் தலையசைப்பதோடு சரி. சத்தத்துக்காகப் புகார் சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்துத் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"தப்பா எடுத்துக்காதேம்மா" என்றார். செருப்பைக் கழற்றாமல், உள்ளேயும் வராமல், நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அந்த வசந்தாவோட மாட்டுப்பொண்ணு கோவிச்சுண்டு போனாளே. திரும்பி வந்தாளோ இல்லையோ?"

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது.

"சார், உங்களுக்கு எப்படி..."

"ஏழு மணிக்கு ஈஸிசேரைப் பால்கனி கதவாண்ட இழுத்துப் போட்டுண்டுடுவேன். டிவியெல்லாம் நிறுத்தி எத்தனையோ நாளாச்சு. இப்ப ஒரு மாசமா நீ பேசறதே இல்லை. உடம்பு கிடம்பு சரியில்லையோன்னு நினைச்சேன். நான் மட்டுமில்லை, எதிர் அபார்ட்மென்ட்ல ரெண்டாவது மாடி டாக்டர்கூட வாக்கிங்ல என்கிட்ட கேட்டார்."

"நான் கத்தறதுக்குத்தான் வாடகை ஏத்துறாங்கன்னு நிறுத்திட்டேன் சார்."

அவர் அக்கம்பக்கம் பார்த்தார். பல்லி காதில் விழாது, அதற்கு வார்த்தை தெரியாது. இருந்தாலும் பார்த்தார். "எனக்கும் ஏறித்தே. ராத்திரியில நான் இருமறதுக்குப் போடறான்னுதான் நினைச்சிண்டிருந்தேன். தலையணையை வாயில வெச்சுண்டுதான் இருமறேன் இப்பல்லாம்." பிறகு இன்னும் தணிந்த குரலில், "சொல்லக் கூடாதுதான். இந்த மாசம் எனக்குக் குறைஞ்சிருக்கு."

என் பில்லை இன்னும் பார்க்கவில்லை. போனை எடுத்துப் பார்த்தேன். எனக்கும் குறைந்திருந்தது.

அபராதம் என்றால் இரண்டு பேருக்கும் ஒரே மாதத்தில் எப்படிக் குறையும்? இருமலுக்குப் பயந்து அவர் ஒரு பக்கம். குழந்தை அழுகைக்குப் பயந்து ஷகிலாக்கா ஒரு பக்கம். அம்மா குரலுக்குப் பயந்து நான் ஒரு பக்கம். கதவைச் சாத்திக்கொண்டு அவரவர் வீட்டில் அவரவர்தான் குற்றவாளி என்று உட்கார்ந்திருந்திருக்கிறோம். ஒருவர் வாடகையை ஒருவர் சொல்லக் கூடாது என்று ஏன் எழுதி வைத்தார்கள் என்பது எனக்கு அந்த நிலைவாசலில்தான் விளங்கியது.

அன்று ஏழு மணிக்குப் பால்கனிக்குப் போனேன்.

"அம்மா! வசந்தா மருமவ வந்துட்டாளான்னு எதிர்வீட்டு சார் கேக்கறாரு!"

"யாரு கேக்கறா?"

"பாங்க்ல இருந்தவரு! தெருவே உன் கதையத்தான் கேக்குதாம்! உனக்கு இங்க ரசிகருங்க இருக்காங்கம்மா!"

 கோபித்துக்கொண்டு வைத்துவிட்டாளோ என்று பார்த்தேன். அப்புறம் வந்தது சிரிப்பு. எதிர் அபார்ட்மென்ட்டில் ஒரு ஜன்னல் திறந்தது. எந்தக் காது மிஷினும் தேவைப்படாத சிரிப்பு அது.

அதெல்லாம் நடந்து ஒப்பந்தம் முடிகிற நாளும் வந்து, இப்போது சம்யுக்தா எதிரில் உட்கார்ந்திருக்கிறேன்.

"சரி, நானே சொல்றேன்" என்றேன். "நான் பேசினா தெரு நிம்மதி ஏறுது. பேசலன்னா இறங்குது. ஆமாவா, இல்லையா?"

சம்யுக்தா எழுந்து போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். அதிகாரி முகம் கழன்று, மறைத்து மறைத்து அலுத்துப்போன ஒரு பெண்ணின் முகம் வந்தது.

"ஆமா. இந்தத் தெருவுலயே அதிகமா ஏத்துற வீடு உங்களுது. பல்லிக்கு நீங்க என்ன பேசறீங்கன்னு தெரியாது மேடம். மத்தவங்க மூச்சு மட்டும்தான் தெரியும். ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னாடியே எல்லார் மூச்சும் நிதானமாக ஆரம்பிச்சுடும். காத்திருக்கிறாங்க. நீங்க முடிச்சதுக்கப்புறம் ராத்திரி தூங்கற வரைக்கும் அந்த நிதானம் அப்படியே இருக்கும். இது மாதிரி எந்தத் தெருவுலயும் வரலைன்னு ஹெட் ஆபீஸ்ல பேசிக்கிறாங்க."

"அப்ப அபராதம்?"

"அப்படி ஒண்ணு கிடையவே கிடையாது. நாங்க சொன்னதும் இல்லை."

"இல்லைன்னும் சொன்னதில்லை."

அவள் மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்து மூடி போட்டாள்.

"ஷகிலாக்கா குழந்தை?"

"அந்த வீடும் ஏத்துற வீடுதான். குழந்தை அழுது நின்னதும் சுத்தி இருக்கிற வீடுங்க எல்லாம் ஒரு பெருமூச்சு விடும் பாருங்க, அது ரொம்ப நல்ல அளவு."

"அந்தக் குழந்தையை பாத்ரூம்ல குழாய் சத்தத்துக்குள்ள வெச்சு வளர்த்தாங்க. கடைசியில வாடகை கட்ட முடியாம போனாங்க. யாரு குடுத்த நிம்மதிக்கு யாருகிட்ட வாடகை வாங்கறீங்க?"

"நான் போட்ட கணக்கு இல்லை மேடம்."

"உக்காந்து வசூல் பண்றது நீங்கதான?"

சொன்ன பிறகு கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டோமோ என்று தோன்றியது. தோன்றினாலும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. சம்யுக்தா டேப்லெட்டைத் தன் பக்கம் திருப்பி, எதையோ அழித்து, மறுபடி என் பக்கம் தள்ளினாள். வாடகை என்று எழுதியிருந்த இடம் காலியாக இருந்தது.

"இதைச் சொல்ல ஹெட் ஆபீஸ்ல அனுமதி வாங்கியாச்சு. உங்களுக்கு வாடகையே வேண்டாம். எத்தனை வருஷம் வேணும்னாலும் இருங்க. தினமும் ஏழு மணிக்கு, பால்கனியில நின்னு, இப்பப் பேசற மாதிரியே அம்மாகூட அரை மணி நேரம் பேசணும். அது மட்டும்தான்."

இங்கே நான் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். ஒரு நிமிஷம் நாக்கில் எச்சில் ஊறியது. சம்பளம் மொத்தமும் கையில் நிற்கும். நடந்து போகிற தூரத்தில் வேலை. அந்தக் காற்று. வாடகையில்லாத வீடு என்ற வார்த்தையை எங்கள் பரம்பரையில் யாரும் காதால் கேட்டதில்லை.

"அம்மாவை இங்கயே கூட்டிட்டு வந்துடறேன். வேலையை விட்டுட்டாங்க. இருக்கலாம் இல்ல?"

சம்யுக்தா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அது... முடியாது மேடம். அம்மா இங்க வந்துட்டா போன் நின்னுடும். ஏழு மணிங்கிறது போயிடும். அந்தக் காத்திருப்பு இருக்கே, அதுலதான் பாதி நிம்மதி. தவிர, காது மந்தமானவங்க நிரந்தரமாத் தங்கினா இரைச்சல் கணக்குல வருவாங்க. கதவு, டிவி, பாத்திரம்... மொத்தத்துல கழிச்சுதான் வரும்."

"போன்ல இருக்கிற அம்மா வரவு. வீட்டுல இருக்கிற அம்மா செலவு. அப்படித்தான?"

"நீங்க சொல்ற விதத்துல கேட்டா அசிங்கமா இருக்கு."

"வேற விதத்துல சொல்லிக் காட்டுங்க. கேக்கறேன்."

அவள் டேப்லெட்டை என் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளினாள்.  

நான் கைப்பையைத் திறந்து வீட்டுச் சாவியை எடுத்து டேப்லெட்டின் மேல் வைத்தேன். பால்கனிக் கதவின் சின்னச் சாவியும் அதில் தொங்கியது. தபால் பெட்டிச் சாவி, மீட்டர் பெட்டிச் சாவி எல்லாம் சேர்த்து ஒரே வளையத்தில் காலையிலேயே கோத்து வைத்திருந்தேன்.

சம்யுக்தா சாவியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "கையெழுத்துப் போட வரலையா நீங்க?"

"இல்லை. சாவி கொடுக்க வந்தேன். போறதுக்கு முன்னாடி இத்தனை நாளா இந்தத் தெருவை நான் கெடுத்தேனா இல்லையான்னு தெரிஞ்சுக்கணும்னு இருந்தது. தெரிஞ்சுபோச்சு."

"வாடகையே வேண்டாம்னு சொல்றேன். யோசிச்சுட்டு..."

"போன வாரமே கொளத்தூர்ல எனக்கும் அம்மாவுக்கும் சேர்த்து ஒரு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துட்டேன். ஷகிலாக்கா வீட்டுக்கு மேல் மாடி. பால்கனி கிடையாது, மொட்டைமாடி இருக்கு. சுவத்துல நிஜப் பல்லிங்க மட்டும்தான். அங்கருந்து வேலைக்கு வர மெட்ரோவுல நின்னுக்கிட்டே வரணும். வரேன்."

வாசலில் ஒரு ஹாரன் அடித்தது. அதை அமுக்கிக்கொண்டு ஒரு குரல் எழுந்தது. கண்ணாடிக் கதவு சாத்தியிருந்தும் உள்ளே வந்து மேஜையைத் தட்டியது.

"ஏண்டீ! இன்னும் எவ்ளோ நேரம்டி! வண்டிக்காரு கத்துறாரு! கேஸ் அடுப்பு வண்டியில ஏறிடுச்சா, மேலயே வுட்டுட்டியா?"

குட்டியானை வண்டியில், என் கட்டிலுக்கும் பாத்திர மூட்டைக்கும் நடுவில், பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அம்மா உட்கார்ந்திருந்தாள். மெதுவாகக் கேட்க வேண்டிய கேள்வி எதுவுமே அவளிடம் கிடையாது. வண்டிக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். எதிர் அபார்ட்மென்ட்டில் ஒவ்வொரு பால்கனியாக ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். யாரும் கோபமாக இல்லை. இரண்டாவது மாடி டாக்டர் கையில் டீயோடு கம்பியில் சாய்ந்துகொண்டார். எங்கள் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் ராமபத்ரன் சார் ஈஸிசேரைக் கதவை விட்டு வெளியிலேயே இழுத்துப் போட்டுவிட்டார். சத்தமாக, வெட்கமே இல்லாமல், தலையணை எதுவும் வைக்காமல் இருமினார்.

"சார், ஞாயித்துக்கிழமை கொளத்தூர் வாங்க! மொட்டைமாடியில இடம் நிறைய இருக்கு!" என்று கதவைத் திறந்து மேலே பார்த்துக் கத்தினேன்.

"கருவாடு வேண்டாம்! காபி போதும்!" என்று அவரும் கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

திரும்பிப் பார்த்தேன். சம்யுக்தா சாவிக் கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அடுத்த மாதம் இந்தத் தெருவின் வாடகை இறங்கும். ஹெட் ஆபீஸிலிருந்து அவளைத்தான் கேட்பார்கள். பாவமாகத்தான் இருந்தது.

"மேடம்" என்றாள். அலுவலகக் குரல் இல்லை. "நான் ஆறு மணிக்கே கிளம்பலாம். ஆனா ஏழரை வரைக்கும் இங்கயேதான் உக்காந்திருப்பேன். ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"வசந்தா மருமக கடைசியில வந்தாளா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த ஒரு வருஷத்தில் அந்த அலுவலகத்தில் நான் சிரித்தது அப்போதுதான்.

"எனக்கும் தெரியாது. இத்தனை நாளா இழுத்துக்கிட்டே இருந்தாங்க, இன்னைக்குத்தான் சொல்றேன்னாங்க. அம்மா வண்டியில இருக்காங்க, நீங்களே வந்து கேளுங்க. சத்தமாக் கேக்கணும்."

கதவு சாத்திக்கொள்ளக் காத்திருக்காமல் வெயிலில் இறங்கி வண்டியை நோக்கி நடந்தேன். எனக்குப் பின்னால் இன்னொரு ஜோடிச் செருப்புச் சத்தம் கேட்டது.